பூமி வாடகைக்கு இருந்த காலம்

மக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மலைக்குளிர் பழகிவிட்டது, பகவதி கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சமைக்கிறாள், விறகு ஈரமாக இருப்பதால் வீடெல்லாம் புகை என்று எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் பொறுக்கமுடியாமல் ஒரு வரி சேர்த்திருக்கிறாய். பிரபஞ்சத்தின் வயது என்று நீ பேச்செடுத்தாலே அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளாம். காரணம் கேட்டால், "அத்தைகிட்ட கேளுங்க" என்கிறாளாம். கல்யாணமான புதிதில் மனைவி எதற்குச் சிரிக்கிறாள் என்று புருஷனுக்குத் தெரியாமல் இருப்பது நல்லதல்ல. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். உன்னைப் பார்த்து இல்லை மக்கா. அவள் உன் அப்பாவை நினைத்துச் சிரிக்கிறாள். உனக்குப் பெண் நிச்சயமான கதையை யாரும் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. உன் அப்பாவைக் கேட்டால், "போனேன், பேசினேன், முடிச்சேன்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார். இப்போது அவர் தக்கலைக் கடையில் கொப்பரை நிறுத்துக்கொண்டிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் நான் இதை எழுதி மடித்துவிட வேண்டும்.

எல்லாம் நீ ஓணத்துக்கு வந்திருந்தபோது தொடங்கியது. மலைமேல் வானத்தை ஆராய்கிற ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபின் உனக்குக் கிடைத்த முதல் விடுமுறை அது. உன் அப்பா உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தார். "அங்க அப்பிடி என்னத்தைத்தான் கண்டுபிடிக்குதிய?" என்று கேட்டார். நீ சொன்னாய்: நம் நட்சத்திரக் கூட்டத்துக்கு வெளியே இதைப்போல எத்தனையோ கூட்டங்கள் இருக்கின்றன, எல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடிக்கொண்டிருக்கின்றன, ஓடுகிற வேகத்தையும் ஓடியிருக்கிற தூரத்தையும் அளந்திருக்கிறார்கள் என்று. பஸ் என்ன வேகத்தில் போகிறது, இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் எப்போது கிளம்பியது என்று சொல்லிவிடலாமே, அதுபோலக் கணக்குப் பார்த்தால் எல்லாம் கிளம்பி ஏறக்குறைய இருநூறு கோடி வருஷம் ஆகிறதாம். ஆனால் பாறைகளைச் சோதிக்கிறவர்கள் பூமிக்கே முந்நூறு கோடிக்கு மேல் என்கிறார்களாம். இவ்வளவு கேட்டதும் உன் அப்பாவுக்கு எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது. கண்ணைப் பொத்திக்கொண்டு குளத்துக்கு ஓடினார். மீதியைத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என்னிடம்தான் நீ சொன்னாய். "எங்கயோ தப்பு இருக்கும்மா. பெரிய பெரிய ஆளுகளுக்கே பிடிகிட்டல்ல. தேடிக்கிட்டு இருக்காங்க." ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல நீ சிரித்துக்கொண்டே சொன்னதால் அது எனக்கு மனதில் நின்றுவிட்டது. உன் அப்பா குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தபோது அவரிடம் முதல் பாதி மட்டும்தான் இருந்தது. அதை அவர் மறக்கவே இல்லை.

நீ மலைக்குத் திரும்பிய பிறகு திருவட்டாற்றிலிருந்து பகவதியின் ஜாதகம் வந்தது. திருவனந்தபுரத்தில் கணக்குப் படித்துப் பட்டம் வாங்கிய பெண் என்றார்கள். உனக்கு லீவு இல்லை என்பதால் நாங்கள் இருவரும் போனோம். பகவதியின் அப்பா, நீ பார்த்திருக்கிறாயே, வாயைத் திறக்காத மனிதர். அந்த வீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிறவர் அவளுடைய தாய்மாமா, வக்கீல் நீலகண்டன். மலையாளச் சீமையோடு கிடக்கிற நம் தாலூக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம் கூட்டமாகப் பேசித் தொண்டை கட்டியிருந்தது அவருக்கு. ஆனாலும் விட்டாரா?

"பையன் வரல்லியா?"

"சூரியனைப் படம் எடுக்கணும். தினமும் எடுத்தாகணும்" என்றார் உன் அப்பா.

"தினமுமா? நேத்து இருந்த சூரியன்தானே இன்னைக்கும் இருக்கு?"

"அதுல புள்ளி விழும். அதை எண்ணணும்."

"எண்ணி?"

"எழுதி வைக்கணும்."

"எழுதி?"

உன் அப்பாவிடம் அதற்குமேல் சரக்கு இல்லை. அங்கேயே காப்பியைக் குடித்திருக்கலாம். மகனைச் சாதாரணமாக எண்ணிவிடுவார்களோ என்று பதறி, நிமிர்ந்து உட்கார்ந்து, தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "இந்த ஆகாசத்துக்க வயசு தெரியுமா உங்களுக்கு? இருநூறு கோடி வருஷம். எம் மவன் சொன்னானாக்கும்." பகவதியின் அம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டார். அந்த மரியாதையைக் கண்டதும் உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பூமிக்கு முந்நூறு கோடி!" என்றார்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். கோர்ட்டில் அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிர்க்கட்சிக்காரன் சமாதானம் பேச வந்துவிடுவான் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

"ஓய், ஒருக்கா கூடச் சொல்லும். ஆகாசத்துக்கு?"

"இருநூறு."

"அதுக்குள்ள கெடக்கிய பூமிக்கு?"

"முந்நூறு."

"அப்பம் தள்ளைக்கு வயசு இருநூறு. அவ பெத்த பிள்ளைக்கு வயசு முந்நூறு. அப்பிடித்தானே?"

நான் உன் அப்பாவின் முழங்கையில் கிள்ளினேன். "கொசு" என்று சத்தமாகச் சொல்லி அந்த இடத்தில் ஓர் அடி அடித்தார். பிறகு, "முன்னால பழைய ஆகாசம் ஒண்ணு இருந்திருக்கும்" என்றார்.

"சாட்சி உண்டுமா?" என்றார் வக்கீல். "இல்லேன்னா, ஆகாசம் வாறது வரைக்கும் பூமி எங்கண வாடகைக்குக் கெடந்துது?"

அந்த வீட்டில் சிரிக்காமல் இருந்தவர்கள் மூன்றுபேர்: உன் அப்பா, நான், பகவதி. அவள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய் அடுக்களையில் அவளிடம் நீ சொன்ன மீதிப் பாதியைச் சொன்னேன். தப்பு இருப்பது அவர்களுக்கே தெரியும், தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று. அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பு இருக்குன்னு அவங்களே சொன்னாங்களா அத்தை?"

"சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்றோ, அங்கே குளிர் எப்படி என்றோ கேட்கவில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது அப்போதுதான். ஆனால் வாசலில் வக்கீல் எங்களை வழியனுப்பும்போது, "முதல்ல கணக்கு ஒத்து வரட்டும் ஓய். பெறவு ஜாதகம் பாப்போம்" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கதை நாங்கள் வீடு வந்து சேருமுன்பே தக்கலை வந்து சேர்ந்துவிட்டது. எப்படி என்று கேட்காதே. பஸ்ஸில் கண்டக்டர், "அண்ணாச்சிக்கு டிக்கெட்டு எங்கண? பூமி வாடகைக்கு இருந்த எடத்துக்கா?" என்றான். சாயாக்கடையில் உன் அப்பாவின் தலையைக் கண்டதும் ஒருவன் கடைக்காரரிடம் அவருடைய அம்மாவின் வயதை விசாரித்தானாம். அதோடு அவர் சாயாக்கடைக்குப் போவதை நிறுத்தினார். அதுவரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகுதான் அவர் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டு எங்கோ பார்ப்பதைக் கவனித்தேன். "நம்ம பயலை ஏமாத்துதானுவ. கூட்டிக் கழிக்கத் தெரியாதவனுவ கையில கொண்டு விட்டுட்டோம். அவனுக்கு எழுதாதே, மனசு விட்டுப்போவான்" என்றார். தன்னைப் பார்த்துச் சிரித்ததைவிட அதுதான் அவருக்கு நோவு. நாகர்கோவில் கொப்பரை மண்டியில் உனக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வைத்தார். மண்டிக்காரரும் தை பிறந்ததும் வரச் சொல்லிவிட்டார். நீ அங்கே சூரியனில் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தபோது இங்கே உனக்கு ஒரு தராசு தயாராகிக்கொண்டிருந்தது. நான் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. மீதிப் பாதியை நான் சொல்லும்போதெல்லாம், "உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்லியிருப்பான்" என்பார்.

ஒருநாள் காலையில் முற்றத்தில் நல்லமிளகு காயவைத்துக்கொண்டிருந்தேன். சவரம் செய்துகொள்ளப் போன உன் அப்பா கையில் செய்தித்தாளோடு ஓடி வந்தார். இடது கன்னம் மழுங்க வழித்திருந்தது. வலது கன்னத்தில் சோப்பு நுரை. கழுத்தில் சவரக்கடைத் துண்டு. "பொறப்படு, திருவட்டாறுக்கு!" என்றார். அமெரிக்காவில் மலைமேல் இருக்கிற ஒரு பெரிய தொலைநோக்கியில் பார்த்து, வெளி நட்சத்திரக் கூட்டங்களுக்குச் சொல்லியிருந்த தூரமெல்லாம் இரட்டிப்பாக வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். தூரம் இரட்டித்தால் வயதும் இரட்டிக்கும். அந்தச் செய்தி ஒரு தலைவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே சின்னதாக இருந்தது. "முகம்" என்று நான் சொன்னேன். "முகத்துக்கு என்ன? நானூறு கோடி!" என்றார். இந்தக் கோலத்தில் தனியாக விட்டால் யாராவது பிடித்துக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று பயந்து, மிளகை அப்படியே போட்டுவிட்டு நானும் பஸ் ஏறினேன். வழியிலேயே நுரை காய்ந்து உதிர்ந்துவிட்டது. பாதி நரைத்தாடி மட்டும் நின்றது. பஸ்ஸில் எங்களுக்கு எதிரே இருந்த பெண் தன் பிள்ளையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

பகவதி வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. எனக்கு அப்போதே துணுக்கென்றது. உன் அப்பா காரையும் பார்க்கவில்லை, வாசலில் கிடந்த செருப்புகளையும் பார்க்கவில்லை. நேரே கூடத்துக்குள் நுழைந்து செய்தித்தாளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, "இரட்டிச்சாச்சு!" என்று கத்தினார்.

கூடம் நிறைய ஆட்கள். ஆரல்வாய்மொழியிலிருந்து பகவதியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ரோடும் பாலமும் கட்டுகிற ஓவர்சியர். அவருடைய அப்பா நடுவில் உட்கார்ந்து மடியருகே புதிதாக வறுத்த ஏத்தங்காய் உப்பேரித் தட்டை வைத்து நொறுக்கிக்கொண்டிருந்தார். மென்றபடியே, "இவருக்குச் சொகமில்லையா?" என்று வக்கீலிடம் கேட்டார்.

"எது ஓய் இரட்டிச்சது?" என்றார் வக்கீல்.

"ஆகாசம்!"

வேறு வக்கீலாயிருந்தால் எங்களை வெளியே அனுப்பியிருப்பார். நீலகண்டன் காகிதம் எதைக் கண்டாலும் வாசிக்காமல் விடமாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீர்ப்பு வாசிப்பதுபோல எழுந்து நின்று வாசித்தார். தூரத்தை அளக்க ஒளி கூடிக் குறையும் ஒருவகை நட்சத்திரங்களை வைத்திருந்தார்கள், அவற்றில் இரண்டு இனம் உண்டென்று இப்போதுதான் தெரிந்தது என்ற இடத்தில் தடுமாறி நின்றார். "இது எனக்குப் பிடிபடல்லியே" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து பகவதி பேசினாள். "மாமா, கடியப்பட்டணத்துக் கரையில நின்னு பாத்தா கடல்ல ஒரு வெளக்கு தெரியுதுன்னு வையுங்க. மீன்பிடிக்கப் போன வள்ளத்துக்க வெளக்குன்னு நினைச்சா பக்கத்துல நிக்குன்னு தோணும். கப்பலுக்க பெரிய வெளக்குன்னு தெரிஞ்சா?"

"தூரத்துல நிக்குன்னு தோணும்."

"அதுதான். வெளக்கு மாறல்ல. இவங்க அதை வள்ளத்து வெளக்குன்னு நினைச்சுட்டாங்க."

வக்கீல் விரலை மடக்கிப் பார்த்தார். "தள்ளைக்கு நானூறு. பிள்ளைக்கு முந்நூறு. ஒத்து வருது" என்றார். அவர் முகத்தில் தோற்ற வருத்தமே இல்லை. செய்தித்தாளை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "ஆகாசத்துக்க எல்லையையே இருந்த எடத்துல இருந்து ரெண்டு மடங்கு தள்ளி வச்சுப்போட்டானுவ. நம்ம தாலூக்காவுக்க எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைக்க இந்தச் சர்க்காருக்கு மனசு வரல்ல பாத்தியரா."

பிறகு வக்கீல் புத்தி விழித்துக்கொண்டது. "இது நாளைக்கும் மாறுமா ஓய்?"

உன் அப்பா, "இனி மாறாது!" என்று வாயெடுக்கப்போனார். அது எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றுவரை நாலு ஆண்கள் பேசுகிற கூடத்தில் நான் வாய் திறந்ததில்லை. "மாறும்" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். "இதுல தப்பு உண்டுன்னு ஓணத்துக்கே எம் மவன் எங்கிட்ட சொல்லிட்டான். இனியும் தப்பு தெரிஞ்சா மாத்திச் சொல்லுவாங்க. அதுதான் அவங்களுக்கு வேலை." உன் அப்பா என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பாதித் தாடியோடு பார்த்ததால் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

ஓவர்சியரின் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "நல்ல உத்தியோகம்! இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. எங்க பையன் ஒரு கணக்குப் போட்டான்னா போட்டதுதான். மாத்துற வழக்கமே கெடையாது."

"போன மழைக்கு விழுந்துதே ஒரு பாலம், அது யாரு கெட்டினது?" என்றார் வக்கீல்.

"அது இவன் கெட்டினதுதான். கணக்கு சரி. மழைதான் கூடிப்போச்சு."

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் சிரித்து நீ கேட்டிருக்கமாட்டாய். அடக்கப் பார்த்து, முடியாமல், தம்ளர் எதையோ தட்டிவிட்டு, மறுபடியும் சிரித்தாள். அவள் அம்மா, "ஏட்டி! ஏட்டி!" என்று அதட்டப் போனவர், உள்ளே போய்த் தானும் சிரித்தார். வக்கீல் இருமினார். அப்போதுதான் பகவதியின் அப்பா, ஆதிமுதல் ஒரு வார்த்தை பேசாத அந்த மனிதர், எழுந்தார். ஓவர்சியரின் அப்பாவுக்கு முன்னால் இருந்த உப்பேரித் தட்டை மெதுவாக எடுத்தார். கூடத்தைக் கடந்து வந்து உன் அப்பாவின் முன்னால் வைத்தார். "தின்னுங்க" என்றார். உன் கல்யாணம் அப்படித்தான் நிச்சயமானது. உன் அப்பா முடித்ததாகச் சொல்வதெல்லாம் அந்த உப்பேரியைத்தான்.

திரும்பி வரும்போது அவர் தக்கலையில் இறங்காமல் நாகர்கோவில் வரை போய், மண்டிக்காரரிடம் தை மாதத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே சாயாக்கடைக்கும் போனார்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விறகு ஈரம் என்று எழுதியிருந்தாயே, வாங்கினது யார் என்று எழுதவில்லை. நீயாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் கடைக்காரன் நனைத்துக் கொடுத்துவிட்டான் என்று அவளிடம் சொல்லியிருப்பாய். சொல்லாதே மக்கா. பார்க்காமல் வாங்கிவிட்டேன் என்று சொல். அவள் உன் சம்பளத்தையோ முகத்தையோ பார்த்து வந்தவள் இல்லை. உன் படத்தைக் காட்டியபோது காது கொஞ்சம் பெரிது என்றுதான் சொன்னாள். நட்சத்திர விஷயத்தில் சிரித்துக்கொண்டே தப்பு என்று சொல்கிறவன் வீட்டு விஷயத்திலும் சொல்வான் என்று நம்பி வந்திருக்கிறாள். ஆகாசத்தைப் பற்றிச் சொல்வது சுலபம். விறகைப் பற்றிச் சொல்லிப் பார், அப்போது தெரியும் கஷ்டம். உன் அப்பாவுக்கு இத்தனை வருஷத்தில் இன்னும் வரவில்லை. அன்று முகத்தைப் பாதியில் விட்டு வந்ததைக்கூட, சவரக்காரருக்குக் கத்தி மழுங்கிப்போயிற்று என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.

இன்னொரு விஷயம். ஐப்பசி பிறந்ததும் நாங்கள் அங்கே வருகிறோம். உன் அப்பா யாரிடமோ ஒரு கோட்டு இரவல் வாங்கி, இந்த வெயிலில் தினமும் போட்டுப் பார்க்கிறார். மலைமேல் கணக்கெல்லாம் சரியாக நடக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரப்போவதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. உன் மேலதிகாரியிடம் அவரைத் தனியாக விடாதே. அந்த வெளி நட்சத்திரக் கூட்டங்களில் ஒன்று மட்டும் அந்த மாதத்தில் மங்கலாக, புகை படிந்ததுபோலக் கண்ணுக்கே தெரியும் என்று நீ சொல்லியிருந்தாய். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு இரண்டு மடங்கு தூரம் போனது அதுதானாமே. அங்கே சின்னத் தொலைநோக்கி ஏதாவது இருந்தால் அதில் எனக்கு அதைக் காட்டு. மேகமாக இருந்தால் மறுநாள் பார்க்கிறேன், அதற்கும் மறுநாள் பார்க்கிறேன், எனக்கு அவசரமில்லை. ஆனால் முதலில் நான் பார்க்க வேண்டும். உன் அப்பா பார்த்துவிட்டால் என்ன தெரிந்தது என்று உடனே சொல்லத் தொடங்கிவிடுவார். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம், யாரும் எதுவும் சொல்லாமல், நானாக அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார்.

அம்மா